பதின்மூன்று கிலோமீட்டர்

விமானப் பயணத் தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்வதற்கென்றே இணையத்தில் கருவிகள் இருக்கின்றன. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும். பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தது போல மிகக் குறுகிய கோட்டை வரைந்து, அதன் நீளத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓர் அரைமணி நேரத்தைக் கூட்டி விடை சொல்லிவிடும். பெர்லினின் இரண்டு பழைய விமான நிலையங்களான ஷோனெஃபெல்டுக்கும் டெம்பெல்ஹோஃபுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் வருகிறது. பறக்கும் நேரம் என்று பார்த்தால் ஒரு நிமிடம் சொச்சம். விமானம் சக்கரத்தை மடக்குவதற்குள் ஊர் வந்துவிடும்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பெரும்பகுதி நேரம் இந்த 13 கிலோமீட்டருக்கு ஒரே விடை இருந்ததில்லை. மேற்கு பெர்லினிலிருந்து மலிவு விலையில் சுற்றுலா போகிறவனுக்கு அது ஒரு பேருந்துப் பயணம். ஷோனெஃபெல்ட் பக்கத்தில் குடியிருந்த கிழக்கு ஜெர்மானியனுக்கு 28 ஆண்டுகள். கொழும்பிலிருந்து மாஸ்கோ வழியாக வந்து இறங்கிய யாழ்ப்பாணத்துப் பையனுக்கு ஒரு ரயில் சவாரி. ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டர்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெர்லினில் நடந்தது நெரிசல் விவகாரம் இல்லை. யார் கையில் என்ன தாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து நிலம் நீண்டும் சுருங்கியும் போனது.

கதை 1945-இல், காற்றை அளந்து பங்கு போட்டதிலிருந்து தொடங்குகிறது.

போரில் தோற்ற ஜெர்மனியை நான்கு வல்லரசுகள் பிரித்துக்கொண்டன. தலைநகரான பெர்லினையும் தனியாக நான்காகப் பிரித்தார்கள். சிக்கல் என்னவென்றால், பெர்லின் முழுவதும் சோவியத் பகுதிக்கு நடுவே இருந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் தங்கள் பங்குக்கு வந்த நகரப் பகுதிக்குப் போக வேண்டுமானால் சோவியத் நிலத்தையோ வானத்தையோ கடந்தாக வேண்டும். 1945 நவம்பர் 30 அன்று நேசநாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு மூன்று வான்வழிகளை ஒப்புக்கொண்டது: பெர்லினிலிருந்து ஹாம்பர்க்குக்கு ஒன்று, ஹனோவர் பக்கம் ஒன்று, ஃபிராங்ஃபர்ட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் அகலம். நகரத்தைச் சுற்றி 20 மைல் ஆரத்தில் ஒரு வட்டம், அதற்குள் நான்கு நாட்டு விமானங்களும் பறக்கலாம். அந்த வட்டத்தை மேற்பார்வையிட நான்கு நாட்டு அதிகாரிகளும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வெளியே உலகம் இரண்டாகப் பிளந்து, அணுகுண்டைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் அந்த அலுவலகம் மட்டும் ஒரு நாளும் மூடாமல் 1990 வரை ஓடியது. பனிப்போரைப் பற்றிய படங்களில் உளவாளிகள் வருகிறார்கள், பாலத்தில் கைதிகளை மாற்றுகிறார்கள். இந்த அலுவலகத்து மேசையை யாரும் படம் எடுக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வான்வழிகள் எழுத்தில் இருந்தன. சாலைக்கும் ரயிலுக்கும் கால்வாய்க்கும் அப்படி உறுதியான எழுத்து இல்லை, வாய்ப் பேச்சும் வழக்கமும்தான். 1948 ஜூன் 24 அன்று சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்குப் போகும் தரைவழிகளையும் நீர்வழிகளையும் அடைத்தபோது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு மிஞ்சியது அந்த மூன்று பட்டைகள் மட்டுமே. அதை அடைக்க வேண்டுமென்றால் விமானத்தைச் சுட வேண்டும். சுட்டால் போர். எழுதி வைத்த தாளுக்கு அப்போது தெரிந்தது மதிப்பு.

ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து டெம்பெல்ஹோஃபுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். அந்தக் காலத்துச் சரக்கு விமானத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஜூன் 26 அன்று விமானங்கள் பறக்கத் தொடங்கின. முதலில் எல்லாம் குழப்பம். சின்ன டக்கோட்டா விமானங்கள் மூன்று, மூன்றரை டன் ஏற்றிக்கொண்டு போயின. ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை, மேகம் தரையைத் தொடுமளவுக்கு இறங்கியிருந்த நாளில், டெம்பெல்ஹோஃபுக்கு மேலே விமானங்கள் இறங்க இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமடித்தன. அவற்றில் ஒன்றில் இருந்தவர் ஜெனரல் வில்லியம் டன்னர், இந்த முழு வேலைக்கும் பொறுப்பாளர். அஸ்ஸாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன போர்க்கால விமானப் போக்குவரத்தை நடத்தியவர் அவர். அன்றைய கூத்தைப் பார்த்துவிட்டு அவர் போட்ட உத்தரவு எளிமையானது: வானத்தில் யாரும் காத்திருக்கக் கூடாது. முதல் முயற்சியில் இறங்க முடியாத விமானம் சரக்கோடு அப்படியே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

தெற்கு வழியிலும் வடக்கு வழியிலும் வருவது, நடு வழியில் எல்லோரும் திரும்புவது. வானம் ஒருவழிப் பாதை ஆனது. ஒரே வேகம், விமானங்களுக்கு இடையே மூன்று நிமிட இடைவெளி. விமானி இறங்கி டீ குடிக்கப் போகக் கூடாது, டீ வண்டி விமானத்தடிக்கு வரும். இப்போது நாம் தூரத்துக்கு நேரம் கேட்கிறோம். டன்னர் நேரத்துக்குச் சரக்கு கேட்டார். 1949 ஏப்ரல் 16-ஐ ஒட்டிய ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,400 விமானங்கள் ஏறத்தாழ 13,000 டன்னைக் கொண்டுவந்து இறக்கின. முற்றுகை மே 12-இல் விலகியது. விமானங்கள் முன்னெச்சரிக்கையாகச் செப்டம்பர் கடைசி வரை பறந்தன. மொத்தம் 2,77,000-க்கும் மேற்பட்ட பயணங்கள், 23 லட்சம் டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி.

இந்தக் கதையை எங்கே படித்தாலும் கைக்குட்டையைப் பாராசூட்டாகக் கட்டிச் சிறுவர்களுக்குச் சாக்லெட் போட்ட கெய்ல் ஹால்வர்சன் என்ற விமானி வந்துவிடுவார். நல்ல மனிதர், நடந்ததும் உண்மைதான். ஆனால் சாக்லெட் இனித்துவிட்டதால் நிலக்கரி மறந்துபோகிறது. விமானத்தின் ஓடுகளுக்குள்ளும் மின்கம்பிகளுக்குள்ளும் புகுந்த கரித்தூள், மூட்டை தூக்கிய ஜெர்மன் கூலியாட்கள், இருந்த ஓடுதளங்கள் போதாமல் டேகலில் 90 நாளில் புதிய விமான நிலையம் கட்டியவர்கள். அந்த வேலையாட்களில் பெண்களும் ஏராளம். இடிந்த கட்டடங்களின் கல்லையே உடைத்து ஓடுதளத்துக்கு அடியில் போட்டார்கள். இந்த வான்வழிப் போக்குவரத்தில் 101 பேர் இறந்ததாகப் பதிவு. அதில் 39 பேர் பிரிட்டிஷார், 31 பேர் அமெரிக்கர். மற்றவர்களில் ஜெர்மன் தொழிலாளர்களும் உண்டு.

முற்றுகை முடிந்தது, பட்டைகள் அப்படியே இருந்தன. இனி அந்த வழியில் பயணிகள். ஆனால் யார் ஓட்டுவது? மேற்கு பெர்லினுக்கு விமானம் விடும் உரிமை அந்த மூன்று வல்லரசு நாடுகளின் நிறுவனங்களுக்கு மட்டும்தான்: அமெரிக்காவின் பான் ஆம், பிரிட்டிஷ் ஐரோப்பிய ஏர்வேஸ், ஏர் ஃபிரான்ஸ். லுஃப்தான்சா 1926-இல் பிறந்ததே டெம்பெல்ஹோஃபில்தான். ஆனால் போருக்குப் பிறகு மறுபடி தொடங்கிய மேற்கு ஜெர்மனியின் லுஃப்தான்சா 1990 வரை பெர்லினில் கால்வைக்க முடியவில்லை. பிறந்த வீட்டுக்குப் போக முடியாத பெண் மாதிரி. (கிழக்கு ஜெர்மனிக்காரர்களும் தங்கள் நிறுவனத்துக்கு லுஃப்தான்சா என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயர்ச் சண்டையில் நிற்க முடியாமல் 1963-இல் அதைக் கலைத்துவிட்டு, இன்டர்ஃப்ளுக் என்ற பெயரோடு மிச்ச காலத்தை ஓட்டினார்கள்.)

உயரத்திலும் ஒரு கூரை இருந்தது. 10,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது சோவியத் நிலை. மேற்கு நாடுகள் அதைக் கொள்கையளவில் ஏற்கவில்லை, நடைமுறையில் அதற்குக் கீழேயே பறந்தன. உந்து விசிறி விமானங்களுக்கு அதில் கஷ்டமில்லை. 1960-களில் ஜெட் விமானங்கள் வந்த பிறகும் அதே உயரம்தான். 30,000 அடியில் சிக்கனமாகப் பறப்பதற்காகச் செய்த எஞ்சின், 10,000 அடியில் எரிபொருளைக் குடித்துத் தள்ளும். மேகத்துக்கு மேலே போய் நிம்மதியாக இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, குலுக்கலோடுதான் பயணம். பட்டையை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் இருந்தது. 1952 ஏப்ரல் 29 அன்று ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வந்த ஏர் ஃபிரான்ஸ் விமானத்தை சோவியத் மிக் போர் விமானங்கள் சுட்டன. வழி தவறி வெளியே வந்தது என்றார்கள் அவர்கள். வழிக்குள்ளேயேதான் இருந்தது என்றார்கள் இவர்கள். 89 குண்டுத் துளைகளோடு விமானம் டெம்பெல்ஹோஃபில் இறங்கியது. பயணிகள் காயப்பட்டார்கள், யாரும் சாகவில்லை.

சரி, இவ்வளவு சிரமத்தோடு அந்த விமானத்தில் ஏன் ஏற வேண்டும்? ரயில் இருக்கிறது, சாலை இருக்கிறது, செலவும் குறைவு. வியாபாரிகளும் அவசரக்காரர்களும் ஏறினார்கள் என்பது ஒரு பதில். முக்கியமான பதில் வேறு. சாலையிலும் ரயிலிலும் போனால் கிழக்கு ஜெர்மன் காவலர் தாளைப் பார்ப்பார். விமானத்தில் போனால் பார்க்க மாட்டார். அவ்வளவுதான்.

1952-இல் கிழக்கு ஜெர்மனி தன் மேற்கு எல்லையை முள்கம்பி போட்டு அடைத்தது. ஆனால் பெர்லினுக்குள் கிழக்கிலிருந்து மேற்குக்கு ரயிலிலோ நடந்தோ போய்விடலாம். எனவே நாட்டை விட்டுப் போக நினைத்தவர்கள் எல்லாம் பெர்லினுக்கு வந்தார்கள். ஒரு சின்னப் பையோடு, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிற முகபாவத்தோடு. மேற்கு பெர்லினின் மரியன்ஃபெல்டே பகுதியில் 1953-இல் திறந்த முகாமில் பதிந்துகொண்டார்கள். மேற்கு பெர்லினிலேயே எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது, மேற்கு ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புவது? எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தார்களோ அதே நாட்டின் நிலத்தின் வழியே பேருந்தில் ஏற்றி அனுப்ப முடியுமா? சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே விமானம். விட்டு வந்த ஊரையே 10,000 அடிக்குக் கீழே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். 1949-லிருந்து 1961 வரை கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போனவர்கள் ஏறக்குறைய 27 லட்சம் பேர். அவர்களில் பெரும் பங்கினருக்கு பெர்லின்தான் வாசல். அந்த வாசலுக்குப் பின்னால் இருந்த படிக்கட்டு டெம்பெல்ஹோஃப். சாக்லெட் கதையைவிட எனக்கு இதுதான் அந்த விமான நிலையத்தின் பெரிய கதையாகத் தோன்றுகிறது.

1961 ஆகஸ்ட் 13-இல் மதில் எழுந்தது. வாசல் மூடியது. இப்போது ஷோனெஃபெல்டுக்கு வருவோம்.

ஷோனெஃபெல்ட் நகர எல்லைக்குச் சற்று வெளியே, தென்கிழக்கில், கிழக்கு ஜெர்மன் மண்ணில் இருந்தது. ஹிட்லர் காலத்தில் விமானத் தொழிற்சாலை, பிறகு சோவியத் படைத்தளம், பிறகு ஒரு சோசலிச நாட்டின் தலைநகர விமான நிலையம். மாஸ்கோ, பிராக், புடாபெஸ்ட், ஹவானா என்று உலகத்தின் மறுபாதிக்கு அங்கிருந்து போகலாம். ஃபிராங்ஃபர்ட்டுக்கு மட்டும் போக முடியாது. விமானத்திலேயே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் கோபன்ஹேகனுக்கோ வியன்னாவுக்கோ போய் அங்கே விமானம் மாற வேண்டும்.

ஆனால் பணம் என்று வந்துவிட்டால் மதிலிலும் ஒரு கதவு திறக்கும். கிழக்கு ஜெர்மனிக்கு மேற்கு நாணயம் தேவைப்பட்டது. இன்டர்ஃப்ளுக் மலிவாக டிக்கெட் விற்றது. மேற்கு பெர்லின்காரர்களுக்கென்றே ஒரு எல்லைச் சாவடி 1963-இல் திறக்கப்பட்டு, நகரத்திலிருந்து ஷோனெஃபெல்டுக்கு நேரே பேருந்து விடப்பட்டது. இஸ்தான்புல்லுக்கு ஊர் திரும்பும் துருக்கித் தொழிலாளர்களும், கருங்கடல் கரைக்கு வெயில் காயப் போகும் ஜெர்மானியர்களும் அந்தப் பேருந்தில் போய் விமானம் ஏறினார்கள். மதில் ஏறிக் குதிக்க முயன்று ஒருவன் சுடப்பட்ட அதே வாரத்தில், அதே எல்லையைச் சுற்றுலாப் பயணி ஒருவர் தூங்கிக்கொண்டே கடந்திருக்கக்கூடும்.

எதிர்த் திசையில், ஷோனெஃபெல்டிலிருந்து டெம்பெல்ஹோஃபுக்குப் போக உள்ளூர்க்காரனுக்கு வழி இல்லை. 1978 ஆகஸ்ட் 30 அன்று ஒருவர் ஒரு வழியை உண்டாக்கினார்.

டெட்லெஃப் டீடெ என்ற கிழக்கு ஜெர்மானியர், தன் தோழி ஒருவரோடும் அவருடைய 12 வயது மகளோடும் போலந்தின் க்டான்ஸ்க் நகரத்தில் காத்திருந்தார். தோழியின் மேற்கு ஜெர்மன் காதலர் போலிக் கடப்பிதழ்களைக் கொண்டுவந்து கொடுப்பார், மூவரும் கப்பலேறி மேற்கு ஜெர்மனிக்குப் போய்விடுவார்கள் என்பது திட்டம். அந்த மனிதர் வரவில்லை. வழியிலேயே கைதாகிவிட்டார் என்று இவர்களுக்குப் புரிந்தது. திட்டம் தெரிந்துவிட்டால் ஊருக்குத் திரும்பினாலும் சிறைதான். டீடெ ஷோனெஃபெல்டுக்குப் போகும் லோட் போலிஷ் விமானத்துக்கு டிக்கெட் வாங்கினார். அவரிடம் இருந்தது ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கி வைக்கச் சுடும் வகைத் துப்பாக்கி, குண்டு போடவே முடியாதது. விமானம் பெர்லினை நெருங்கும்போது பணிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு, ஷோனெஃபெல்ட் வேண்டாம், டெம்பெல்ஹோஃபில் இறக்கு என்றார். இறங்கியது. அப்போது பயணிகள் சேவை டேகலுக்குப் போய்விட்டிருந்தது. டெம்பெல்ஹோஃப் அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்தது. விமானத்தில் இருந்த வேறு சில கிழக்கு ஜெர்மானியர்களும், வந்தது வந்தாயிற்று என்று மேற்கிலேயே தங்கிவிட்டார்கள். பெர்லின்காரர்கள் அந்த நிறுவனத்தின் பெயருக்குப் புது விரிவாக்கம் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். டெம்பெல்ஹோஃபிலும் இறங்கும் என்று அர்த்தம்.

சிரிப்பு அமெரிக்க அதிகாரிகளுக்கு வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில்தான் பான் நகரத்தில் ஏழு பணக்கார நாடுகள் கூடி, விமானக் கடத்தல்காரர்களுக்கு இடம் கொடுக்கும் நாடுகளைத் தண்டிப்போம் என்று அறிவித்திருந்தன. மதில் தாண்டி வந்தவனைக் கொண்டாடுவதா, கடத்தல்காரனைத் தண்டிப்பதா? மேற்கு ஜெர்மனி நைசாக ஒதுங்கிக்கொண்டது. அமெரிக்கா பெர்லினுக்கென ஒரு நீதிமன்றத்தைக் கூட்டி, நியூ ஜெர்சியிலிருந்து ஹெர்பர்ட் ஸ்டெர்ன் என்ற நீதிபதியை வரவழைத்தது. பெர்லின் ஆக்கிரமிப்புப் பகுதி, இங்கே குற்றவாளிக்கு அமெரிக்க அரசியல் சட்ட உரிமை எதுவும் கிடையாது என்பது அரசுத் தரப்பு வாதம். ஸ்டெர்ன் மசியவில்லை. அமெரிக்க நீதிமன்றம் என்று பெயர் வைத்தால் அமெரிக்கச் சட்டத்தின்படிதான் நடக்கும் என்று சொல்லி, மேற்கு பெர்லின் மக்களிலிருந்தே ஜூரிகளைத் தேர்ந்தெடுக்க வைத்தார். தோழியிடம் விசாரணைக்கு முன் சொல்ல வேண்டிய சட்ட உரிமைகளைச் சொல்லவில்லை என்பதால் அவர்மீதான வழக்கு விழுந்தது. ஜூரிகள் டீடெயைக் கடத்தல் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள், பிணை பிடித்தது மட்டும் குற்றம் என்றார்கள். ஏற்கெனவே காவலில் இருந்த காலமே தண்டனை என்று ஸ்டெர்ன் தீர்ப்பளித்தார், ஏறக்குறைய ஒன்பது மாதம். 13 கிலோமீட்டருக்கு.

ஜூரிகள் செய்தது சரியா? விமானத்தில் இருந்த பணிப்பெண்ணுக்கு அது பொம்மைத் துப்பாக்கி என்று தெரியாது. அவள் பயந்தது நிஜம். இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் நான் டீடெ பக்கம் சாய்வதும், பிறகு அந்தப் பெண் நினைவுக்கு வந்து கொஞ்சம் நிமிர்வதுமாகத்தான் இருக்கிறேன். தீர்ப்பு இரண்டையும் சேர்த்தே பார்த்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

டீடெ வந்து ஐந்தாண்டு கழித்து, அதே ஷோனெஃபெல்டில் வேறு ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்கள்.

மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டம் அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுபவர்களுக்குப் புகலிட உரிமை கொடுத்திருந்தது. ஹிட்லர் காலத்தில் ஊர் ஊராக அலைந்த ஜெர்மானியர்களின் நினைவில் எழுதிய வரி அது. ஆனால் அந்த உரிமையைக் கேட்பதற்கு முதலில் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டும். இலங்கையருக்கு விசா கட்டாயம். விசா இல்லாதவரை எந்த விமான நிறுவனமும் ஃபிராங்ஃபர்ட்டுக்கு ஏற்றாது. கொழும்பிலிருந்து ஃபிராங்ஃபர்ட் 8,000 கிலோமீட்டர் சொச்சம், கருவிக்குப் பத்து மணி நேரக் கணக்கு. விசா இல்லாத தமிழனுக்கு அந்த வழியே இல்லை.

ஏஜென்சிக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். நகையை அடகு வைத்தும் காணியை ஈடு வைத்தும் சேர்த்த காசில் சோவியத் விமானத்தில் மாஸ்கோ, அங்கிருந்து ஷோனெஃபெல்ட். கிழக்கு ஜெர்மனி கடந்துபோவதற்கான விசாவை அங்கேயே கொடுத்தது, காசு வாங்கிக்கொண்டுதான். அங்கிருந்து கிழக்கு பெர்லின் நடுவே இருந்த ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராஸ ரயில் நிலையம். உள்ளூர்க்காரர்கள் மேற்கிலிருந்து வந்த உறவினர்களை அழுது வழியனுப்பும் நிலையம் அது. அதன் புறப்பாட்டு மண்டபத்துக்குக் கண்ணீர் மாளிகை என்றே மக்கள் பெயர் வைத்திருந்தார்கள். அங்கே ரயிலேறினால் சில நிமிடத்தில் மேற்கு பெர்லின்.

மேற்கு பக்கத்தில் குடிநுழைவுச் சோதனை இல்லை. இதென்ன, பனிப்போரின் உச்சத்தில் வாசலைத் திறந்து வைத்திருந்தார்களா என்று கேட்கலாம். காரணம் கொள்கை. பெர்லின் ஒரே நகரம், மதில் ஒரு நாட்டின் எல்லை அல்ல என்பது மேற்கு நாடுகளின் நிலைப்பாடு. மேசை போட்டுக் கடப்பிதழ் பார்த்தால், அது எல்லைதான் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். மதிலை அங்கீகரிக்க மறுத்த அந்தப் பிடிவாதத்தின் இடுக்கு வழியாகத் தமிழ்ப் பையன்கள் உள்ளே போனார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் மேற்குப் பக்கத்து விமானிகளைக் காப்பாற்றியது எழுதிய தாள். இவர்களைக் காப்பாற்றியது, எழுத மறுத்த ஒரு முத்திரை. பெர்லினில் நெடுங்காலமாக வாழ்ந்து எழுதிவரும் பொ. கருணாகரமூர்த்தியை வாசித்தவர்களுக்கு இந்த நகரத்தின் தமிழ் முகம் புதிதாக இருக்காது. மற்றவர்கள், புலம்பெயர் இலக்கியம் என்றதும் பாரிசையும் லண்டனையும் டொராண்டோவையும் நினைத்துக்கொள்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரானியர்களும் லெபனானியர்களும் கானா நாட்டவரும் இதே வழியில் வந்தார்கள். மேற்கு ஜெர்மனியில் சத்தம் கிளம்பியது. மதிலை இடித்துத் தள்ளு என்று மேடையில் பேசிய அதே அரசியல், மேசைக்கு அடியில் கிழக்கு ஜெர்மனியிடம் அதன் கதவைச் சாத்தச் சொல்லிக் கேட்டது. 1985 ஜூலையில் இரு ஜெர்மனிகளுக்கும் இடையிலான வட்டியில்லா வணிகக் கடனின் உச்சவரம்பு 850 மில்லியனாக உயர்ந்தது. அதே சமயத்தில், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத இலங்கையரைக் கடந்துபோக விடமாட்டோம் என்று கிழக்கு ஜெர்மனி அறிவித்தது. முதலில் சாத்தப்பட்டது தமிழருக்குத்தான். மற்றவர்கள் இன்னும் ஓராண்டு வந்தார்கள். 1986-இல் மேற்கு ஜெர்மனியில் புகலிடம் கேட்டவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அந்த ஆண்டு அக்டோபர் 1-இலிருந்து மேற்கு விசா இல்லாத யாருக்கும் வழி இல்லை என்றானது. அடுத்த ஆண்டு எண்ணிக்கை 57,000 சொச்சத்துக்கு இறங்கியது.

தன் குடிமக்களை வெளியே விடாததற்காக உலகம் காறித் துப்பிய அரசு, பிறத்தியாரை உள்ளே விடாததற்காக நன்றி பெற்றது. ஒரே மதில், ஒரே காவலர்கள். இந்தப் பகுதியை மதில் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு பத்தியில் முடித்துக்கொள்கின்றன. அதில் தமிழர் ஒரு அடைமொழியாக வந்து போகிறார்கள். அந்தப் பத்தியை நீட்டி எழுத வேண்டிய கடமை நம்முடையது என்பது என் எண்ணம். அன்றைக்கு அந்த ரயிலில் போனவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். கேட்டு எழுத அதிக காலம் இல்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1989 நவம்பரில் மதில் திறந்தது. 1990 அக்டோபர் 28 அன்று லுஃப்தான்சா பெர்லினுக்குத் திரும்பியது. 10,000 அடிக் கூரையும் 32 கிலோமீட்டர்ப் பட்டைகளும் பழங்கதை ஆயின. பெர்லின் சேவையை லுஃப்தான்சாவுக்கு விற்ற பான் ஆம், 1991 முடிவதற்குள் திவாலாகி மறைந்தது. அதே ஆண்டு இன்டர்ஃப்ளுக்கும் மூடப்பட்டது. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து பெர்லினுக்கு இப்போது ஒரு மணி பத்து நிமிடம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். டெம்பெல்ஹோஃப் 2008 அக்டோபரில் மூடியது, டேகல் 2020 நவம்பரில். ஷோனெஃபெல்டின் ஓடுதளம் ஒன்று புதிய பெர்லின் விமான நிலையத்தில் சேர்ந்துவிட்டது.

டெம்பெல்ஹோஃபின் ஓடுதளங்களில் இன்று ஜனங்கள் சைக்கிள் விடுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். அங்கே வீடு கட்டலாம் என்று நகர அரசு சொன்னபோது 2014-இல் வாக்கெடுப்பு நடத்தி, வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் வளைந்து நிற்கும் பழைய கட்டடமும் அப்படியே இருந்தது. 2015 இறுதியில் அதன் விமானக் கொட்டகைகளில் வரிசையாகக் கூடாரம் அடித்தார்கள். சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்களைத் தங்க வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்கு ரப்பர் படகில் வந்து, அங்கிருந்து நடந்தும் பேருந்திலும் ரயிலிலும் பெர்லினை அடைந்தவர்கள். விமான நிலையத்தில் தங்கியிருந்தார்கள். விமானத்தில் வந்தவர்கள் அநேகமாக யாருமில்லை.